யாருடைய மூலோபாயம்? வணிகக் கொள்கைக் கல்வியின் வரலாறு

கல்வி சமுதாயத்திற்கு அப்பாற்பட்டு ஆகாயத்தில் தொங்குவதொன்றன்று. ஒரு பாடம் எக்காலத்தில் தோன்றியது, அதனை வேண்டி நின்றோர் யாவர், அதன் செலவை ஏற்றோர் யாவர், அதனைக் கற்று வெளியேறியோர் எவ்வெப் பணிகளில் அமர்ந்தனர் என்னும் வினாக்களுக்கு விடை காணுமிடத்து, அக்காலச் சமுதாயத்தின் உள்ளமைப்பும் ஓரளவு புலனாகிவிடும். இலக்கியத்தையும் சமயத்தையும் தத்துவத்தையும் இந்நோக்கில் ஆராய நாம் பழகியுள்ளோம். ஆனால் எமது பல்கலைக்கழகங்களிலே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மாணவர் கற்றுவரும் வர்த்தக, முகாமைத்துவப் பாடங்களை இவ்வாறு நோக்குவோர் அரியர். அவை கணக்கைப் போன்று நடுநிலையானவை, வரலாறு அற்றவை என்ற எண்ணமே இதற்குக் காரணம் போலும்.

முகாமைத்துவப் பட்டப்படிப்பின் இறுதிக் கட்டத்தில் மாணவர் கற்கும் பாடமொன்றுண்டு. முன்னர் அது 'வணிகக் கொள்கை' எனப்பட்டது. இன்று 'மூலோபாய முகாமைத்துவம்' எனவும், 'தந்திரோபாய முகாமைத்துவம்' எனவும் வழங்குகின்றது. கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், உற்பத்தி, ஆளணி என முன்னைய ஆண்டுகளில் துண்டு துண்டாகக் கற்றவற்றை ஒன்றிணைத்து, ஒரு நிறுவனத்தை முழுமையாக நோக்கி, அது செல்லவேண்டிய திசை யாதென முடிவுசெய்யப் பயிற்றுவதே இப்பாடத்தின் நோக்கமாகும். கோபுரத்திற்குக் கலசம் போல அது படிப்பின் உச்சியில் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே, இளைஞனொருவனோ யுவதியொருத்தியோ பல்கலைக்கழகத்தை விட்டுப் புறப்படுகையில் இறுதியாகப் பெற்றுச் செல்லும் பார்வை எது என அறிய விரும்புவோர் இப்பாடத்தின் வரலாற்றை அறிதல் அவசியம். அவ்வரலாறு ஐக்கிய அமெரிக்காவிலே தொடங்குகின்றது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865 இல் முடிவுற்றதன் பின்னர் அந்நாட்டின் கைத்தொழில் அசுர வேகத்தில் வளர்ந்தது. புகையிரதப் பாதைகள் கண்டத்தின் ஒரு கரையை மறுகரையுடன் பிணைத்தன. எண்ணெய், உருக்கு, இறைச்சி, சீனி எனத் துறைதோறும் பெருங் கம்பனிகள் எழுந்தன. சிறு பட்டறையின் உடைமையாளன் தன் தொழிலாளரைப் பெயர் சொல்லி அழைத்தான். கொள்வனவும் விற்பனவும் கணக்கும் அவனது கைக்குள்ளேயே அடங்கின. ஆயிரக்கணக்கான மைல் நீளமுள்ள புகையிரதப் பாதையை அவ்வாறு ஆள முடியாது. ஆகவே உடைமையாளனுக்கும் தொழிலாளிக்கும் இடையில் புதியதொரு சமூகப் பிரிவு உருவாயிற்று. சம்பளம் பெற்று, பிறருடைய மூலதனத்தைக் கொண்டு, பிறருடைய உழைப்பை நெறிப்படுத்தும் முகாமையாளரே அப்பிரிவினர். அவர்களை உருவாக்கும் பொறுப்பினைப் பல்கலைக்கழகங்கள் ஏற்கத் தொடங்கின.

பிலடெல்பியாவின் நிக்கல், இரும்புத் தொழிலதிபரான ஜோசப் வார்ட்டன் 1881 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற்கு ஓரிலட்சம் டொலர் வழங்கி, பல்கலைக்கழக மட்டத்திலான முதலாவது வணிகக் கல்லூரியை நிறுவினார். உள்நாட்டுக் கைத்தொழிலைக் காக்கும் இறக்குமதித் தீர்வைக்குச் சார்பான கருத்துக் கற்பிக்கப்படல் வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பாக இருந்தது. அவரது தொழிலும் அத்தகைய தீர்வையாற் பயனடைந்தது என்பதை வாசகர் மனங்கொள்க. கொடையாளியின் நலனும் பாடத்திட்டமும் கைகோத்து நின்றதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. 1898 இல் சிக்காக்கோவிலும் கலிபோர்னியாவிலும், 1908 இல் ஹாவார்ட்டிலும் இத்தகைய கல்லூரிகள் தோன்றின.

*

எமது பாடம் பிறந்தது ஹாவார்ட்டிலேயாகும். அங்கு வணிகக் கல்லூரியின் முதற் பீடாதிபதியாக விளங்கியவர் எட்வின் கே என்னும் பொருளாதார வரலாற்றாசிரியர். அவரது காலத்தில், 1911-12 கல்வியாண்டிலே, ஆர்ச் ஷோ என்பார் 'வணிகக் கொள்கை' என்னும் பாடத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். ஷோ பல்கலைக்கழக அறிஞரல்லர். சிக்காக்கோவில் வணிகச் சஞ்சிகை நடத்திய வெளியீட்டாளர். அவர் கையாண்ட முறை அன்றைக்குப் புதுமையானது. வணிகத் தலைவர் ஒருவர் வகுப்பிற்கு வந்து, தமது நிறுவனம் எதிர்நோக்கும் உண்மையான சிக்கலொன்றை விளக்குவார். மாணவர் வினாக்களுக்கு விடையளிப்பார். இரண்டு நாட்களின் பின்னர் மாணவர் ஒவ்வொருவரும் அச்சிக்கலுக்குத் தாம் கண்ட தீர்வினை எழுதிக் கையளிப்பர். அடுத்த வகுப்பில் அவ்வணிகத் தலைவர் மீண்டும் வந்து அவற்றை விமர்சிப்பார்.

கற்பித்தல் முறை என்ற வகையில் இதன் சிறப்பை நாம் மறுத்தல் தகாது. ஆசிரியர் ஓத மாணவர் எழுதும் மரபினை அது உடைத்தது. விடை எழுதப்பட்ட நூலொன்று இல்லாத வினாவின் முன் மாணவனை நிறுத்திற்று. வாழ்க்கையின் சிக்கல்கள் கணக்கியல் என்றும் சட்டம் என்றும் பிரிந்து வருவதில்லை, அவை ஒருங்கே வருகின்றன என்பதை உணர்த்திற்று. இயங்கியல் நோக்குடையோர் வரவேற்கவேண்டிய அம்சங்கள் இவை. ஆயினும் இம்முறையின் இன்னொரு பக்கமும் உண்டு. வினாவைக் கொணர்ந்தவர் வணிகத் தலைவர். அதற்கு வேண்டிய தகவல்களைத் தெரிந்து தந்தவரும் அவரே. விடையின் தகுதியைத் தீர்மானித்தவரும் அவரே. எது 'சிக்கல்' என்பதே ஒரு தரப்பினரால் வரையறுக்கப்பட்டது.

அதே ஆண்டிலே ஹாவார்ட்டின் அயலில் நிகழ்ந்தவற்றை நோக்குமிடத்து இவ்வுண்மை துலாம்பரமாகும். பல்கலைக்கழகம் அமைந்த கேம்பிரிட்ஜ் நகரை அடுத்துள்ளது வோட்டர்ரவுன். அங்கிருந்த அரசாங்க ஆயுதத் தொழிற்சாலையில், பிரெடரிக் டெய்லரின் 'விஞ்ஞான முகாமைத்துவ' முறைக்கிணங்க, நிறுத்தற்கடிகாரம் கொண்டு தொழிலாளரின் ஒவ்வோர் அசைவையும் அளக்க முற்பட்டனர். 1911 ஓகஸ்ட் மாதம் அங்குள்ள வார்ப்புத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணைக் குழுவொன்றை நியமித்தது. 1912 சனவரியில் டெய்லர் அதன் முன் தோன்றிச் சாட்சியமளித்தார். இந்த டெய்லர் 1909 தொடக்கம் ஹாவார்ட் வணிகக் கல்லூரியில் விரிவுரை நிகழ்த்தி வந்தவராவார்.

அதே சனவரியில், அதே மசசூசெற்ஸ் மாநிலத்து லோரன்ஸ் நகரிலே பெரும் வேலைநிறுத்தமொன்று வெடித்தது. பெண்களும் சிறுவரும் வாரத்திற்கு 56 மணி நேரம் உழைத்த நிலையை மாற்றி 54 மணியாக்கிற்று ஒரு சட்டம். ஆலை முதலாளிகள் அதற்கேற்பக் கூலியையும் வெட்டினர். வெட்டப்பட்ட தொகை சில றாத்தல் பாணின் விலைதான். ஆனால் வயிறு நிரம்பாதோருக்குச் சில றாத்தல் பாண் சிறு விடயமன்று. பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய, பல மொழிகள் பேசும் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், ஒன்றுபட்டு இரண்டு மாதம் போராடிக் கூலி உயர்வு பெற்றனர். ஓர் ஆலை தன் கொள்கையை எவ்வாறு வகுக்கின்றது, அதனாற் பாதிக்கப்படுவோர் அதற்கு எவ்வாறு மறுமொழி பகர்கின்றனர் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் கிடைப்பதரிது. வகுப்பறையிலே வணிகக் கொள்கை கற்பிக்கப்பட்ட முதலாண்டில், அவ்வகுப்பறைக்கு வெளியே சில மைல்களுக்கப்பால், வணிகக் கொள்கையின் மறுபக்கத்தைத் தொழிலாளர் எழுதிக்கொண்டிருந்தனர். வகுப்பிற் பேச அழைக்கப்பட்டோர் வணிகத் தலைவர்களே.

*

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் இக்கல்வி நிலைபெற்றது. 1919 இல் பீடாதிபதியான வொலஸ் டொனம் ஹாவார்ட் சட்டக் கல்லூரியிற் பயின்றவர். தீர்க்கப்பட்ட வழக்குகளைக் கொண்டு சட்டம் கற்பிக்கும் முறையை அங்கு 1870 இல் லாங்டெல் என்பார் தொடக்கிவைத்திருந்தார். அம்முறையை டொனம் வணிகக் கல்விக்கு உரியதாக்கினார். விடய ஆய்வு எனப்படும் கற்பித்தல் முறை இவ்வாறே வேரூன்றியது. கம்பனிகளுக்கு ஆய்வாளரை அனுப்பித் தகவல் திரட்டி, சிக்கலைக் கதை போல எழுதி, வகுப்பில் விவாதிப்பது வழக்கமாயிற்று. 1924 இல் நியூயோர்க் வங்கி முதல்வர் ஜோர்ஜ் பேக்கர் ஐம்பது இலட்சம் டொலர் வழங்கினார். சார்ல்ஸ் ஆற்றின் மறுகரையில் கல்லூரிக்கென்றே ஒரு வளாகம் எழுந்தது.

விடய ஆய்வுக்கும் சட்ட வழக்கிற்கும் உள்ள வேறுபாடொன்று ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. நீதிமன்ற வழக்கில் வாதியும் உண்டு, பிரதிவாதியும் உண்டு. இருவரது வாதமும் தீர்ப்பிலே பதிவாகும். வணிக விடய ஆய்விலோ பெரும்பாலும் ஒரே தலைவன்தான். முகாமையாளன் ஒருவன் சிக்கலின் முன் நிற்கிறான். அவன் என்ன செய்தல் வேண்டும்? ஏனையோர் அவனது சூழலின் பகுதிகளாகி விடுகின்றனர். சட்டத்திலிருந்து முறையைக் கடன் வாங்கியவர்கள் எதிர்த்தரப்பைக் கடன் வாங்க மறந்துவிட்டனர்.

எதிர்த்தரப்பினைப் பேச முற்பட்டோருக்கு நேர்ந்ததையும் அக்கால வரலாறு கூறுகின்றது. 1919 செப்ரெம்பரில் பொஸ்ரன் நகரப் பொலிசார் தொழிற்சங்க உரிமை கோரி வேலைநிறுத்தஞ் செய்தபோது, ஹாவார்ட்டின் தலைவர் லோவெல் மாணவரைத் தொண்டர்களாகச் சென்று காவற்பணி புரியுமாறு தூண்டினார். அங்கு விரிவுரையாளராயிருந்த இளைஞர் ஹரல்ட் லாஸ்கி வேலைநிறுத்தஞ் செய்தோரை ஆதரித்துப் பேசினார். கடுமையான கண்டனத்துக்கும் இழிவான கேலிக்கும் ஆளான அவர், 1920 இல் லண்டன் பொருளியற் கல்லூரியை அடைந்தார். அதே லாஸ்கியிடம் பின்னாளிற் பயின்றவருள் ஒருவர் எமது நாட்டின் இடதுசாரித் தலைவரும் நிதியமைச்சருமாகிய கலாநிதி என். எம். பெரேரா. ஹாவார்ட் இழந்ததை உலகின் வேறு பகுதிகள் பெற்றன எனலாம்.

*

நீண்ட காலம் வணிகக் கொள்கைப் பாடம் பட்டப்பின் படிப்பு மாணவருக்கே சிறப்பாக உரியதாயிருந்தது. இளங்கலை மாணவரிடம் அது பரவியமைக்கு 1959 ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டில் இரண்டு அறிக்கைகள் வெளிவந்தன. போர்ட் அறநிதியத்தின் உதவியுடன் கோர்டன், ஹொவெல் ஆகிய இருவர் எழுதியது ஒன்று. கார்னகி அறநிதியத்துக்காகப் பியர்சன் எழுதியது மற்றொன்று. அமெரிக்க வணிகக் கல்லூரிகள் ஆழமற்ற தொழிற்பயிற்சிக் கூடங்களாக உள்ளன, கணிதமும் சமூக விஞ்ஞானங்களும் அங்கு போதா என இரு அறிக்கைகளும் சாடின. பிரிந்து கிடக்கும் பாடங்களை இணைக்கும் முடிப்பாடமாக வணிகக் கொள்கையை வைத்தல் வேண்டும் என கோர்டனும் ஹொவெலும் பரிந்துரைத்தனர். வணிகக் கல்லூரிகளுக்குத் தராதர அங்கீகாரம் வழங்கும் அமைப்பும் காலக்கிரமத்தில் இதனை ஏற்க, நாடெங்கும் இளங்கலை மாணவர் இப்பாடத்தைக் கற்கலாயினர்.

அது பனிப்போர்க் காலம் என்பதை நாம் மறத்தலாகாது. புதிதாக விடுதலை பெற்ற ஆசிய நாடுகள் எவ்வழியில் தொழில் வளர்ச்சி காணும் என்பது அன்று உலக அரசியலின் வினாவாக இருந்தது. 1961 இல் இந்தியாவின் அகமதாபாத்திலும் கல்கத்தாவிலும் முகாமைத்துவ நிறுவனங்கள் தோன்றின. முன்னையதற்கு ஹாவார்ட்டும் பின்னையதற்கு மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும் கைகொடுத்தன. போர்ட் அறநிதியம் பொருளுதவி நல்கிற்று. நேருவின் இந்தியா பொதுத்துறையைக் கட்டியெழுப்ப முகாமையாளரை வேண்டி நின்றது. வந்து சேர்ந்த பாடநூல்களோ தனியார் கம்பனிகளின் அனுபவத்திலே பிறந்தவை. இம்முரண்பாடு தென்னாசியா எங்கணும் முகாமைத்துவக் கல்வியை இன்றுவரை தொடர்கின்றது.

*

அறுபதுகளிலே இத்துறைக்கு ஒரு கோட்பாட்டு உருவம் கிடைத்தது. 1962 இல் அல்பிரட் சான்ட்லர் டூ பொன்ற், ஜெனரல் மோட்டோர்ஸ், நியூ ஜேர்சி ஸ்ரான்டர்ட் ஒயில், சியர்ஸ் ஆகிய நான்கு கம்பனிகளின் வரலாற்றை ஆராய்ந்து, மூலோபாயம் மாறும்போது நிறுவன அமைப்பும் மாறவேண்டியதாகின்றது என நிறுவினார். சிறந்த வரலாற்றாசிரியர் அவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிலாளர் 1936 டிசம்பர் 30 முதல் 44 நாட்கள் ஆலைக்குள்ளேயே அமர்ந்து போராடித் தம் சங்கத்துக்கு அங்கீகாரம் பெற்றமை போன்ற நிகழ்ச்சிகள் அவரது கோட்பாட்டில் மைய இடம் பெறவில்லை. கம்பனியின் அமைப்பை மாற்றுவோர் தலைமைக் காரியாலயத்தில் உள்ளோர் என்பதே அவரது வரலாற்றின் நடுப்பொருள். 1965 இல் இகோர் அன்சொவ் கம்பனி மூலோபாயம் பற்றி முதலாவது முறையான நூலை எழுதினார். விளாடிவொஸ்ரொக்கிற் பிறந்து, அமெரிக்காவில் இராணுவ ஆய்வு நிறுவனமொன்றிலும் விமானக் கம்பனியொன்றிலும் பணியாற்றியவர் அவர். சேனாதிபதியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த 'மூலோபாயம்' என்னும் கருத்து, இவ்வாறு படைமுகாமிலிருந்து வகுப்பறைக்கு வந்தது.

இக்காலத்து ஆசிரியருள் இலக்கிய வாசகரின் தனிக் கவனத்திற்குரியவர் கெனத் அன்ட்ரூஸ். அவர் கற்றது ஆங்கில இலக்கியம். கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தது மார்க் ட்வெயினையும் அவர் வாழ்ந்த ஹார்ட்பர்ட் நகரத்து எழுத்தாளர் வட்டத்தையும். பணவேட்டைக் காலத்துக்குப் 'பொன்முலாம் பூசிய காலம்' எனப் பெயர் சூட்டி 1873 இல் நாவல் எழுதியவருள் ஒருவர் ட்வெயின். தம் இறுதிக் காலத்தில் ஏகாதிபத்திய எதிர்ப்புக் கழகத்தின் துணைத் தலைவருள் ஒருவராக விளங்கியவர். அவரைக் கற்றவரே ஹாவார்ட்டில் வணிகக் கொள்கை ஆசிரியராகி, 1965 இல் வெளிவந்த புகழ்பெற்ற பாடநூலின் ஆசிரியருள் ஒருவரானார். 1971 இல் கம்பனி மூலோபாயம் பற்றித் தனிநூலும் வெளியிட்டார். ஒரு நிறுவனம் நான்கு வினாக்களைக் கேட்டல் வேண்டும் என்றார் அவர். சந்தையிலுள்ள வாய்ப்புகளால் நாம் எதைச் செய்யக்கூடும்? எமது ஆற்றலால் எதைச் செய்ய முடியும்? எமது தனிப்பட்ட விருப்பங்களுக்கேற்ப எதைச் செய்ய விரும்புகின்றோம்? சமுதாயத்துக்குக் கடமைப்பட்டோர் என்ற வகையில் எதைச் செய்தல் வேண்டும்?

நான்காவது வினா முக்கியமானது. முதலாளித்துவ நிறுவனத்தின் எல்லைக்குள் நின்றே கேட்கப்பட்ட வினாதான் அது. கேட்கப்படுபவரும் மேலிடத்து முகாமையாளர்தான். எனினும் கடமை என்னும் சொல்லுக்கு மூலோபாயத்தின் உள்ளேயே அது ஓரிடம் தந்தது. மனிதப் பண்பியற் கல்வியின் எச்சம் என நாம் இதனைக் கொள்ளலாம்.

*

அவ்வினா நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1970 இல் மில்டன் பிறீட்மன் நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகையிலெழுதிய கட்டுரையில், சட்ட வரம்புக்குள் இலாபத்தைப் பெருக்குவதே வணிகத்தின் சமூகப் பொறுப்பென வாதிட்டார். 1977 இல் பிற்ஸ்பேர்க்கில் கூடிய மாநாட்டை அடுத்து, 'வணிகக் கொள்கை' என்னும் பழம்பெயர் நீங்கி 'மூலோபாய முகாமைத்துவம்' என்னும் புதுப்பெயர் வழக்கிற்கு வரலாயிற்று. கொள்கை என்னும் சொல்லில் ஒட்டியிருந்த அறத்தின் சாயலும் அத்துடன் மங்கியது. 1980 இல் மைக்கல் போர்ட்டரின் 'போட்டி மூலோபாயம்' வெளிவந்தது.

போர்ட்டரின் ஐந்து விசைகளை அறியாத முகாமைத்துவ மாணவர் இன்று இலர். ஒரு துறையில் ஏற்கெனவே உள்ள போட்டியாளர், புதிதாக நுழையக்கூடியோர், மாற்றுப் பொருட்கள், கொள்வோரின் பேரம்பேசும் வலு, வழங்குவோரின் பேரம்பேசும் வலு என்பனவே அவை. இக்கோட்பாட்டின் பிறப்பிடம் பலரும் அறியாததொன்று. எட்வர்ட் மேசன், ஜோ பெயின் ஆகிய பொருளியலாளர், சந்தையிற் சிலர் ஆதிக்கம் பெற்றுப் போட்டி குன்றுவது எவ்வாறு என ஆராய்ந்தனர். புதியோர் நுழைவதைத் தடுக்கும் அரண்கள் பற்றிப் பெயின் 1956 இல் நூலெழுதினார். ஏகபோகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டத்திற்கும் பொதுக்கொள்கைக்கும் இவ்வாராய்ச்சி துணைபுரிந்தது. பொதுமக்களுக்குத் தீங்கு எங்கே நேர்கின்றது எனக் கண்டறியும் கருவி அது. போர்ட்டர் அக்கருவியைத் தலைகீழாக்கினார். போட்டி குன்றிய இடமே இலாபம் மிகும் இடம். ஆகவே கம்பனி அவ்விடத்தைத் தேடிச் செல்க, அரண்களைக் கட்டியெழுப்புக என்பது அவர் கூற்றின் சாரம். நோயைக் கண்டறிய எழுந்த நூல், நோயை வளர்க்கும் முறை கூறும் நூலாயிற்று.

இவ்வைந்து விசைகளுள் தொழிலாளி எங்கே உளன்? அவனும் 'வழங்குவோன்' எனப் போர்ட்டரே கூறுகின்றார். பஞ்சு வழங்குவோன் போல, நிலக்கரி வழங்குவோன் போல, உழைப்பை வழங்குவோன் அவன். அவன் சங்கமாக ஒன்றுகூடினால் பேரம்பேசும் வலு மிகும். துறையின் இலாபம் குறையும். லோரன்ஸ் நகரத்துப் பெண்கள் கேட்ட பாண் இக்கோட்பாட்டிலே ஓர் அச்சுறுத்தலாகப் பதிவாகின்றது. பல்கலைக்கழக மாணவனொருவன், தந்தை தொழிற்சங்க உறுப்பினராயிருப்பினும், பரீட்சை மண்டபத்தில் அச்சங்கத்தை இலாபத்திற்கு எதிரான விசையென எழுதிப் புள்ளி பெறுகின்றான். இதுவே கருத்தியல் செயற்படும் விதம். எவரும் அவனை நிர்ப்பந்திக்கவில்லை. வரைபடத்தில் ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டுள்ளது, அதனை அவன் நிரப்புகின்றான்.

*

மேலிருந்து நோக்கும் பார்வை அறநோக்கில் மட்டுமன்றி அறிவுநோக்கிலும் குறைபாடுடையது என்பதற்கு ஹொண்டாவின் கதை சான்று. பிரித்தானிய மோட்டார் சைக்கிள் தொழில் வீழ்ச்சியுற்ற காரணத்தை ஆராயுமாறு அந்நாட்டு அரசாங்கம் அமெரிக்க ஆலோசனை நிறுவனமாகிய பொஸ்ரன் கன்சல்ரிங் குறூப்பைக் கேட்டது. 1975 இல் வெளிவந்த அதன் அறிக்கை, யப்பானியரின் வெற்றிக்குப் பேரளவு உற்பத்தியாற் செலவைக் குறைக்கும் திட்டமிட்ட மூலோபாயமே காரணமென்றது. வகுப்பறைகளுக்கு அது பாடமாயிற்று. பின்னர் ரிச்சர்ட் பாஸ்கல் என்பார், 1959 இல் அமெரிக்கா சென்ற ஹொண்டா ஊழியரை நேரிற் கண்டு வினவி, 1984 இல் வேறொரு கதையை வெளியிட்டார். அவர்கள் பெரிய சைக்கிள்களை விற்கவே சென்றனர், அவை பழுதடைந்தன. லொஸ் ஏஞ்சல்சில் தம் சொந்தத் தேவைக்கு அவர்கள் ஓட்டித் திரிந்த ஐம்பது சீசீச் சிறு சைக்கிள்களே மக்கள் கண்ணிற் பட்டன. வாங்குவோர் தேடி வந்தனர். தலைமைக் காரியாலயத்தின் திட்டம் தோற்றது. கீழ்நிலை ஊழியரின் அனுபவம் வென்றது. மூலோபாயம் எப்போதும் மேலிருந்து கீழிறங்குவதில்லை, கீழிருந்தும் முளைக்கின்றது என ஹென்றி மின்ஸ்பேர்க் முதலிய அறிஞர் வலியுறுத்தியதற்கு இது துணையாயிற்று.

அவ்வறிக்கை எழுதப்பட்ட காலத்திலே பிரித்தானியத் தொழிலாளர் கைகட்டி நிற்கவில்லை. மெரிடன் என்னுமிடத்திலிருந்த றயம்ப் மோட்டார் சைக்கிள் ஆலை மூடப்படுமென 1973 இல் அறிவிக்கப்பட்டபோது, தொழிலாளர் அதனைக் கைப்பற்றி இருந்துவிட்டனர். தொழிற்கட்சி அமைச்சர் ரொனி பென்னின் ஆதரவுடன் 1975 இல் அது தொழிலாளர் கூட்டுறவாயிற்று. பழைய இயந்திரங்களும் பழைய வடிவமைப்பும் குன்றிய மூலதனமும் அதன் தோளை அழுத்தின. 1983 இல் அது மறைந்தது. வகுப்பறைகளிற் புகழ்பெற்ற விவாதம் ஹொண்டாவின் முகாமையாளர் திட்டமிட்டனரா, தற்செயலாகக் கற்றனரா என்பது பற்றியதே. மெரிடனின் வெற்றியும் தோல்வியும் அதே அளவு கற்கப்படின், எமது மாணவர் எவ்வளவோ அறிவர்.

அதனினும் பொருள் பொதிந்தது லூக்காஸ் ஏரோஸ்பேஸ் கம்பனியின் தொழிலாளர் முயற்சி. விமானப் பாகங்களை, பெரும்பகுதி இராணுவத் தேவைக்கு, உற்பத்தி செய்த அக்கம்பனி ஆட்குறைப்பில் இறங்கியபோது, அதன் பல தொழிற்சாலைகளின் சங்கப் பிரதிநிதிகள் ஒருங்கிணைந்து, 1976 சனவரியில் 'மாற்றுக் கம்பனித் திட்டம்' ஒன்றை வெளியிட்டனர். முதலில் அறிஞர் பலருக்கு எழுதிக் கேட்டனர். மிகச் சிலரே விடையளித்தனர். பின்னர் தம் தோழரையே கேட்டனர். உங்கள் ஆலையில் என்ன இயந்திரம் உண்டு, உங்கள் கைகளுக்கு என்ன தெரியும், மக்களுக்குப் பயன்படும் எதனை நாம் செய்யலாம் என வினவினர். ஏறத்தாழ 150 பொருட்களுக்கான யோசனைகள் திரண்டன. சிறுநீரக இயந்திரம், வீடுகளைச் சூடாக்கும் வெப்பப் பம்பி, பாதையிலும் தண்டவாளத்திலும் ஓடும் ஊர்தி, உடல் ஊனமுற்ற சிறாருக்கான வண்டி என்பன அவற்றுட் சில. மின்சாரத்தையும் எண்ணெயையும் இணைத்து இயங்கும் பொறி அன்றே அவர்கள் முன்வைத்தது.

முகாமையாளர் இத்திட்டத்தை நிராகரித்தனர். முன்னணியில் நின்ற பொறியியலாளர் மைக் கூலி 1981 இல் வேலை இழந்தார். அதே ஆண்டில் மாற்று நோபல் எனப் போற்றப்படும் விருதைப் பெற்றார். இத்திட்டத்தை நாம் எதன்பாற்படுத்துவது? வாய்ப்பு எது, ஆற்றல் எது, விருப்பம் எது, சமுதாயக் கடமை எது என அன்ட்ரூஸ் கேட்ட நான்கு வினாக்களுக்கும் லூக்காஸ் தொழிலாளர் விடை எழுதியுள்ளனர். நான்காவதை அவர்கள் முதலாவதாக வைத்தனர் என்பதே வேறுபாடு. மூலோபாயம் வகுக்கும் ஆற்றல் தலைமைக் காரியாலயத்தின் தனியுடைமை என்னும் நம்பிக்கையை இதனைவிடத் தெளிவாக எதுவும் மறுக்கவில்லை.

*

எமது நாட்டு ஆசிரியருக்கும் மாணவருக்கும் இவ்வரலாறு உணர்த்துவது யாது? இப்பாடத்தை அமெரிக்கச் சரக்கெனத் தூக்கியெறிதல் பேதைமை. நிறுவனத்தை முழுமையாக நோக்குதல், போதிய தகவலின்றியும் பொறுப்புடன் முடிவெடுத்தல், முடிவின் விளைவை முன்னுணர்தல் ஆகிய ஆற்றல்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கும் வேண்டும், அரச கூட்டுத்தாபனத்துக்கும் வேண்டும், தொழிற்சங்கத்துக்கும் வேண்டும். இவ்வாற்றல் ஒரு வர்க்கத்திடமே குவிந்திருப்பது அவ்வர்க்கத்தின் ஆதிக்கத்துக்கு வழியாகும். ஆகவே பாடத்தைக் கைவிடுவதிலும், அதில் இல்லாத தரப்பினரை உள்ளே அழைத்து வருவதே தக்கது.

இதற்கு எம்மிடம் எடுத்துக்காட்டுகள் இல்லாமலில்லை. மலைநாட்டுப் பெருந்தோட்டங்களையே நோக்குவோம். பிரித்தானியக் கம்பனிகளின் கீழிருந்த அவை 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் வசமாயிற்று. உலகச் சந்தையிலே தேயிலையின் விலை, உற்பத்திச் செலவு, மீள்நடுகை, போட்டி நாடுகள் என மூலோபாயப் பாடத்திற்கு வேண்டிய அனைத்தும் இங்குண்டு. வழமையான விடய ஆய்வில் நாட்சம்பளம் செலவுப் பட்டியலில் ஒரு வரி. அதே சிக்கலைக் கொழுந்தெடுக்கும் பெண்ணின் நிலையில் நின்று எழுதுமாறு மாணவர் ஒரு பகுதியினரைப் பணித்துப் பாருங்கள். லயன்காம்பராவின் கூரை, மகளின் பாடசாலை, நிறுக்கப்படும் கொழுந்தின் நிறை, நாளை இத்தோட்டம் இருக்குமா என்னும் கேள்வி யாவும் அப்போது ஆய்வுக்குள் வரும். தோட்டத் துரையின் நிலையில் நின்று எழுதியோரும் தொழிலாளியின் நிலையில் நின்று எழுதியோரும் ஒரே மண்டபத்தில் வாதிடட்டும். சட்ட வகுப்பிலிருந்து டொனம் கொண்டுவரத் தவறிய எதிர்த்தரப்பு அன்று தன் இருக்கையைப் பெறும்.

இலவசக் கல்வியாற் பல்கலைக்கழகம் புகுந்த எமது மாணவரிற் பெரும்பாலோர் கமக்காரர், தொழிலாளர், சிறு உத்தியோகத்தர் வீடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களது கல்விச் செலவை ஏற்றிருப்பது எந்த வார்ட்டனும் அல்லன், எந்தப் பேக்கரும் அல்லன், இந்நாட்டு மக்களே. வார்ட்டன் தம் பணத்துக்கு ஈடாகத் தம் தொழிலுக்குச் சார்பான பாடத்தை எதிர்பார்த்தார். எமது மக்களும் தம் பணத்துக்கு ஈடாக ஒன்றை எதிர்பார்க்கும் உரிமையுடையர். தாம் கற்பிக்க அனுப்பிய பிள்ளைகள், இறுதியாண்டிலே ஒரு நிறுவனத்தின் திசையைத் தீர்மானிக்கக் கற்கும்போது, அத்திசையில் நடக்கவேண்டியோரையும் கணக்கில் எடுத்தல் வேண்டும் என்பதே அது. இவ்வெதிர்பார்ப்பை நிறைவேற்றும் பொறுப்பு முகாமைத்துவ ஆசிரியரையே சார்ந்தது.